எயார்போட் ஜக்கெற்

எங்கள் கட்டடத்தின் லிஃப்டுக்கு முன்னால் அந்த மனிதரை முதன்முதலாகச் சந்தித்தபோது அவர் எனக்கு ‘போன்ஜூர்’ சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து இடப்பக்கமாக நகர்த்தினார். கொஞ்சம் பின்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார். “இப்போது சரி. இனிப் பேசலாம்” என்றார்.

பேசுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. லாவாலில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுத்துவிட்டுத் தோளில் கமராப் பையும் கையில் ஸ்டாண்டுமாகக் களைத்துப்போய் வந்திருந்தேன். மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கமராப் பையைத் தட்டிப் பார்த்து, நான் நின்றிருந்த பழைய இடத்தைக் கையால் காட்டி, “அங்கே உன் முகத்தில் பாதி இருட்டு. பாதி முகத்தோடு நான் பேசுவதில்லை” என்றார்.

மொன்றியலின் கோட் டெ நேஜ் பகுதியில் அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு மேல்மாடியில் அவர் தனியாக இருந்தார். எண்பதை எட்டும் வயது. மெலிந்த உடம்பு. குப்பை போட வரும்போதுகூடக் கழுத்தில் டை இருக்கும். நானும் என் மனைவி ரஞ்சியும் அவரை, ஐயா என்ற மரியாதையில், ‘மிசியே’ என்போம். அவர் என்னைக் ‘கமரா’ என்பார், ரஞ்சியை ‘மதாம்’ என்பார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து அவர் பேசியதை நான் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அந்த லிஃப்டுக்கு முன்னால் போனால் என் கால் தானாக இடப்பக்கம் நகர்கிறது.

மிசியே ஒருவரையும் அவரவர் நின்ற இடத்தில் நிற்க விடமாட்டார். மூலையில் இருந்த டெப்பனர் என்ற சின்னக் கடையில் காசு வாங்கும் பெண்ணைச் சிகரெட் தட்டின் நிழலிலிருந்து ஜன்னல் பக்கம் வரச் சொல்வார். அவளும் முதலில் முறைத்தாள், பிறகு அவர் கதவைத் திறக்கும்போதே ஜன்னலடிக்கு வந்துவிடுவாள். பஸ் தரிப்பில் நிற்கிறவர்களை உயரம் பார்த்து மாற்றி நிறுத்துவார். ‘கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்த வசனம். அதை அதட்டலாகச் சொன்னதே இல்லை. வீட்டுக்கு வந்தவரை வசதியான கதிரையில் இருக்கச் சொல்வதுபோலத்தான் சொல்வார். அதனால் ஆட்களும் பேசாமல் நகர்ந்தார்கள்.

ஒருநாள் ஒரு கலியாணத்துக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டார். நானும் ரஞ்சியும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம். நான் மணவறையடியில் நிற்பேன், அவள் இன்னொரு கமராவோடு சனத்துக்குள் திரிவாள். மிசியே நல்ல கோட்டும் டையுமாக முன்வரிசையில் போய் இருந்தார். தாலி கட்டும் நேரம் வந்தது. கெட்டிமேளம் கேட்டதும் ஐயர் எழும்பி, வழக்கம்போல எனக்கும் மாப்பிள்ளை பொம்பிளைக்கும் நடுவில் வந்து நின்றார். வீடியோக்காரராகப் பிறந்தவர்களின் தலைவிதி இது. அதுவரை நான் எடுத்த கலியாணங்கள் எல்லாவற்றிலும் தாலி கட்டியது ஐயரின் முதுகுதான்.

மிசியே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மணவறைக்கு ஏறினார். ஐயரின் முழங்கையை மெல்லத் தொட்டு, “கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றார். ஐயர் மந்திரத்தை விடாமலே நகர்ந்தார். தாலி ஏறியபோது பொம்பிளையின் முகம் முழுதாக வெளிச்சத்தில் இருந்தது. கண் கலங்குவதும், அதை மறைக்க அவள் உதட்டைக் கடிப்பதும் எல்லாம் தெரிந்தன.

பொம்பிளையின் தகப்பன் என்னிடம் ஓடி வந்தார்.

“ஆரப்பா அந்த வெள்ளைக்காரன்? மணவறையிலை ஏறிப்போட்டான்!”

நான் முழித்தேன். ரஞ்சி முந்திக்கொண்டு, “அவர் பெரிய டிரெக்டர் அண்ணை. உங்கட பிள்ளையின்ர கலியாணத்துக்கெண்டு கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்” என்றாள். தகப்பன் மிசியேவுக்குத் தன் கையாலேயே பாயாசம் கொண்டுபோய்க் கொடுத்தார். ரஞ்சி வாயில் வந்ததைத்தான் அவிழ்த்துவிட்டாள். அது உண்மை என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அன்று சாப்பாட்டு நேரம் அவர் ரஞ்சியின் பின்னாலேயே திரிந்தார். அவள் ஒவ்வொரு மேசையாகப் போய், சாப்பிடுகிற ஒவ்வொருவரையும் எடுத்தாள். வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு அவர்கள் கமராவைப் பார்த்தார்கள். எங்கள் வான் வண்டியில் திரும்பும்போது, “சாப்பிடுகிறவர்களை ஏன் எடுக்கிறீர்கள், மதாம்? கதைக்கு அது தேவையில்லையே” என்று கேட்டார்.

“எடுக்காட்டி என்னை உயிரோடை விடமாட்டினம்” என்றாள் ரஞ்சி. “இந்த வீடியோவை யாழ்ப்பாணத்திலை பாப்பினம், லண்டனிலை பாப்பினம். சொந்தக்காரர் ஆர் உயிரோடை இருக்கினம், ஆர் மெலிஞ்சு போச்சினம் எண்டு பாக்கிறதே இதிலைதான். ஒரு மாமியை விட்டிட்டாலும் ரெலிபோன் எடுத்து அழுவினம். நிக்கிற ஆள் ஒருத்தரையும் விடக்கூடாது.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். லிஃப்டில் ஏறும்போதுதான், “நானும் டிரெக்டர்தான், கமரா. ஒரு காலத்தில்” என்றார்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டோம். அவர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது அவர் சின்னப்பிள்ளை, குடும்பத்தில் அவர்தான் மிச்சம். வளர்ந்து சினிமா படித்தார். இரண்டு படங்கள் எடுத்தார், அவற்றில் ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. மூன்றாவது படம் எடுத்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் அந்த நாட்டு அரசாங்கம் யூதர்களைப் பார்த்து உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கத் தொடங்கியது. வேலைகள் பறிபோயின. போகிறவர்களுக்குப் பாஸ்போட் கொடுக்கவில்லை, ஒரு தாள் கொடுத்தார்கள். இந்தத் தாளை வைத்திருப்பவர் இந்த நாட்டின் பிரஜை அல்ல என்று அதில் எழுதியிருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்கும் ரஞ்சிக்கும் சிரிப்பு வரவில்லை. அகதிகளாக வந்த காலத்தில் எங்கள் இரண்டு பேரிடமும் அப்படிப்பட்ட தாள்கள் இருந்தன.

மொன்றியலில் அவருக்கு ஒருவரும் சினிமா கொடுக்கவில்லை. தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். ஏணியில் பத்திரமாக ஏறுவது எப்படி, பாரமான பெட்டியை முதுகு வளையாமல் தூக்குவது எப்படி. இந்த இடத்தில் நான் துள்ளி எழும்பிவிட்டேன். நான் வந்த புதிதில் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. முதல்நாளே எங்களை ஓர் அறையில் இருத்திப் பெட்டி தூக்கும் படம் காட்டினார்கள். அதில் ஒரு தொழிலாளி ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, கையை ஏப்ரனில் துடைத்து, பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டுத் தூக்குவான். ஏனென்று தெரியாமலே அந்த மனிதன் எனக்கு இத்தனை வருடமாக ஞாபகத்தில் இருந்தான்.

“அது நீங்கள் எடுத்ததா?” என்றேன்.

“ஓ, அவன் நல்ல நடிகன்” என்றார் மிசியே. “பெட்டிதான் கொஞ்சம் மிகையாக நடித்துவிட்டது.”

அவரை ஒரு நாடே பிடித்து நகர்த்தியது, அதற்கு ஈடாக அவர் கையில் அகப்பட்டவர்களை எல்லாம் நகர்த்துகிறார் என்று நான் ரஞ்சியிடம் பகிடியாகச் சொல்வேன். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “அவர் ஆக்களை வெளிச்சத்துக்கெல்லோ கொண்டு வாறார். அந்த நாட்டுக்காரர் அப்பிடியோ செய்தவை?” என்று கேட்டாள்.

முடியாமற்போன மூன்றாவது படத்தின் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார். யுத்தம் முடிந்த ஒரு சின்ன ஊர். அந்த ஊரிலிருந்து நாஜிகள் கொண்டுபோன யூதர்களில் ஒரே ஒரு மனிதன் திரும்பி வந்திருக்கிறான். அவன் தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறான். தான் போட்டிருக்கிற கோட்டுக்கு மேலதிகமாக, கையில் இன்னொரு கோட்டு. வருகிறவருக்குக் குளிருமே என்று. ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. படம் முழுக்க ஒரே பகிடி. கடைசிக் காட்சியில் ரெயினிலிருந்து ஒருவர் இறங்கி வரவேண்டும்.

“அதிகாரிகள் என்னைக் கூப்பிட்டு, இவன் யாருக்காகக் காத்திருக்கிறான் என்று கேட்டார்கள். உங்களுக்குத் தெரியும் என்றேன். அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தநாள் படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். கடைசிக் காட்சி மட்டும்தான் மிச்சம் இருந்தது, கமரா. ஒருவர் வரவேண்டும். அதைத்தான் எடுக்க விடவில்லை.”

அந்தப் படச்சுருள்கள் எரிந்துபோயிருக்கும் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் கோடை முடிகிற ஒருநாள் அவர் வீட்டுச் செருப்போடு எங்கள் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. வார்ஸோவில் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஓரிடத்திலிருந்து ஓர் இளம்பெண் ரெலிபோன் எடுத்திருக்கிறாள். சுருள்கள் கிடைத்துவிட்டன. துப்புரவாக்கி, வரும் வசந்தத்தில் திரையிடப் போகிறார்கள். முடிவு இல்லாததால் ‘கடைசிக் காட்சி எடுக்கப்படவில்லை’ என்று கடைசியில் எழுதிக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறாள்.

“வசந்தம்வரை பொறு, நான் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்” என்றார். “உங்களிடம் கமரா இருக்கிறது. சனம் இருக்கிறது. என்னிடம் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது.”

அவருக்கு அந்த ஒரு காட்சி எவ்வளவு தேவையாக இருந்தது என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ரஞ்சி கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு, எங்கே எடுக்கலாம், எந்த நாளில் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ரெயினுக்குப் பதிலாகப் படகு என்று முடிவு செய்தோம். இல்-பிசார் தீவிலிருந்து ஆற்றைக் கடந்து லாவாலுக்குக் கோடையில் ஓடும் பாதைப்படகு அந்தப் பருவத்துக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்கோ கடைக்கோ போகிற உடுப்பில் வரச் சொல்லுங்கள் என்று மிசியே படித்துப் படித்துச் சொன்னார். ரஞ்சியும் அப்படியேதான் எல்லாருக்கும் சொன்னாள். ஆனால் ‘படம் எடுக்கினமாம்’ என்ற செய்தி அதற்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பெண்கள் காஞ்சிபுரத்தோடும் அட்டியலோடும் வந்து இறங்கினார்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி, கோட்டு சூட்டு. ஒரு குடும்பம் தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தது.

மிசியே மனம் தளரவில்லை. ஒவ்வொருவராக நகர்த்தி நிறுத்தினார். “படகைப் பாருங்கள். அதில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் வருகிறார்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். படகு கரையை நெருங்கியது. அத்தனை பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ரஞ்சியின் கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இத்தனை வருடமாக நாங்களே பழக்கிவிட்ட சிரிப்பு. திரும்பவும் நகர்த்தினார், திரும்பவும் சிரித்தார்கள். படகிலிருந்து ஒரு பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மிசியே ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கடிக்கவில்லை. “அவர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதை என்னால் நகர்த்தி வரவழைக்க முடியாது” என்றார். வார்ஸோக்காரி கேட்டபடியே அந்த வசனத்தை எழுதிக் காட்டட்டும் என்று சொல்லப்போவதாகவும் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் அவர் ஒருவரையும் நகர்த்தவில்லை. லிஃப்டில் என் பாதி முகத்தோடு பேசினார். டெப்பனர்காரி, “உங்கள் மிசியேவுக்குச் சுகமில்லையா?” என்று என்னைக் கேட்டாள். ரஞ்சி ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கதவடியில் நின்று ‘மெர்சி’ சொல்லி வாங்கினாராம், அவளை வெளிச்சத்துக்கு வரச் சொல்லவில்லையாம். அவள் வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்தாள். எனக்கும் பயமாக இருந்தது.

அந்த நேரம்தான் என் பெரியக்காவுக்கு விசா கிடைத்தது. வவுனியா பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட்டுக் கையைக் காட்டியவளை அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை. எத்தனையோதரம் விண்ணப்பித்து, எத்தனையோதரம் மறுத்து, கடைசியில் இரக்கப்பட்டோ அலுத்துப்போயோ ஒருதரம் வந்து போக விட்டார்கள். தை மாதம், நல்ல குளிர்.

இங்கே எயார்போட் ஜக்கெற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மொன்றியலில் எங்கள் ஆட்களின் அலமாரியில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பனிக்கால மேலங்கி தொங்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் மெல்லிய சட்டையோடு வந்து இறங்குவார்கள். அவர்களைக் கூப்பிடப் போகும்போது அதைக் கையில் கொண்டுபோக வேண்டும். எங்களுடையது கடும் ஊதா நிறம், தொப்பியைச் சுற்றிப் போலி உரோமம், யார் போட்டாலும் பெரிசு. ரஞ்சியின் தம்பி அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த ஊருக்குள் வந்தான். பிறகு அவன் மனைவி, பிறகு அவளுடைய தகப்பன். பக்கத்து வீட்டுக்காரர்களும் இரவல் வாங்குவார்கள். எல்லாரையும் வீடுவரை கொண்டுவந்து விட்டு அது திரும்பவும் அலமாரிக்குப் போய்விடும்.

அக்கா வருகிற அன்று பின்னேரம் அதைக் கையில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கினோம். மேல்மாடியிலிருந்து மிசியே குப்பைப் பையோடு வந்துகொண்டிருந்தார். கீழே கதவு திறந்தது, அவர் இறங்கவில்லை. ரஞ்சி போட்டிருந்த ஜக்கெற்றைப் பார்த்தார். பிறகு அவள் கையில் கிடந்ததைப் பார்த்தார்.

“அது யாருக்கு, மதாம்?”

ரஞ்சி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “வருகிறவருக்கு” என்றாள்.

“வருகிறவருக்கு” என்று அவரும் சொன்னார். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, அனுமதி கேட்டு, அந்த ஊதா உரோமத்தைத் தொட்டுப் பார்த்தார். “எப்போதும் கொண்டுபோவீர்களா?”

“கொண்டுபோகாட்டி வாற சனம் விறைச்சுச் செத்துப்போகுமே” என்றாள் ரஞ்சி தமிழில். நான் மொழிபெயர்த்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கமராவைக் கொண்டுவா. நானும் வருகிறேன்” என்றார். மேலே போய்க் கோட்டு எடுத்து வரும்படி சொன்னேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்று, போட்டிருந்த கம்பளிச் சட்டையோடும் டையோடும் எங்கள் வான் வண்டியில் ஏறிவிட்டார்.

வழியில்தான் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவரும் இதே டோர்வலில்தான் வந்து இறங்கினார், இதே போன்ற குளிரில். ஓர் உதவிச் சங்கத்திலிருந்து ஆள் வருவார் என்று சொல்லியிருந்தார்களாம். காத்திருப்போர் வாங்கில் இருந்துகொண்டு கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி நின்றிருக்கிறார். இருட்டிய பிறகு ஒருவரும் வரப்போவதில்லை என்று விளங்கி, தனியாக வாடகைக்காரில் போனாராம். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கே போவதென்றாலும் ரெயின்தான்.

“அப்ப நாங்கள் இஞ்ச இல்லையே, மிசியே” என்றாள் ரஞ்சி. “இருந்திருந்தா வந்திருப்பம்.”

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவர் ஒருகணம் தயங்கி நின்றார். ரஞ்சி அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

உள்ளே சனம். பலூன் கட்டிய ஹெயிட்டிக் குடும்பம் ஒன்று, பூங்கொத்தோடு ஒரு கிழவர், எங்கள் ஆட்கள் சிலர், அவர்கள் கையிலும் ஒரு ஜக்கெற். மிசியே சுற்றிப் பார்த்தார். நகர்த்தத் தொடங்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் ஒருவரையும் தொடவில்லை. “எல்லாரும் சரியான இடத்தில் நிற்கிறார்கள்” என்று மெதுவாகச் சொன்னார். ரஞ்சியிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். “கமரா அந்தக் கதவை மட்டும் பார்க்கவேண்டும். கூரை இடிந்து விழுந்தாலும் திருப்பக்கூடாது.”

ரஞ்சி ஓம் என்று தலையாட்டினாள்.

கதவு திறந்து திறந்து மூடியது. பிறகு அக்கா வந்தாள். வண்டிலைத் தள்ளிக்கொண்டு, சீலைக்கு மேல் ஒரு மெல்லிய ஸ்வெற்றர், காலில் கன்வஸ் சப்பாத்து. தலை நரைத்திருந்தது. ரஞ்சி என்னிடம் தந்திருந்த ஜக்கெற்றை யார் கையில் திணித்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது, ஓடிவிட்டேன். நான் குழறி அழ, அவள் என் தலையைத் தடவிப் பார்த்து, “ஏன்ரா தம்பி, தலைமயிரெல்லாம் எங்கை?” என்று கேட்டாள்.

மிச்சத்தை நான் வீடியோவில்தான் பார்த்தேன். மறுநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துப் போட்டோம். மிசியே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். கதவு. அக்கா. நான் ஓடுகிறேன். அந்த இடத்தில் கமரா திரும்பியது. கலியாண வீட்டில் மேசை மேசையாகப் போவதுபோலக் காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனது. பலூன் பிள்ளை, பூங்கொத்துக் கிழவர், ஒருவரும் விடுபடவில்லை. கடைசி ஆளாக மிசியே.

ஊதா ஜக்கெற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். எங்களைப் பார்க்கவில்லை. கதவையே பார்க்கிறார். அக்கா வந்துவிட்டாள், ஆனாலும் கதவையே பார்க்கிறார். அது திரும்பவும் திறக்கிறது. அவர் நிமிர்கிறார். யாரோ ஒரு மாணவன் வந்து போகிறான். அவர் மூச்சு விடுகிறார். பிறகுதான் கையில் இருப்பது ஞாபகம் வந்து, அவசரமாகப் போய் அக்காவின் தோளில் ஜக்கெற்றைப் போர்த்துகிறார்.

“திருப்பவேண்டாம் என்று சொன்னேனே!” மிசியே மேசையில் அடித்தார். “ஐம்பது வருடம் காத்திருந்த காட்சி, மதாம்!”

ரஞ்சிக்கும் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சு வராது. “என்ன கதை கதைக்கிறியள்? நீங்கள் நிக்கிறியள், கையிலை ஜக்கெற்றோடை நிக்கிறியள். நிக்கிற ஆளை விட்டிட்டு வரச் சொல்லுறியளோ? கதவை எவனும் எடுப்பான்!”

“என்ன சொல்கிறார்?” என்று அவர் என்னைக் கேட்டார். நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அவர் திரையைக் காட்டினார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொருதரம் போடச் சொன்னார். திரையில் இருந்த கிழவனை, அவர் டெப்பனர்காரியைப் பார்ப்பதுபோல, என்னைப் பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அவன் நிற்கிற இடம் சரி” என்றார். “நகர்த்தத் தேவையில்லை.”

அந்த மனிதர் தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா என்னிடம் இரகசியமாக, “இந்த மனுசன் நேற்றும் ஒரு குளிர்ச்சட்டை இல்லாமல் நிண்டது. அவருக்கெண்டு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டாள்.

காட்சி அப்படியே வார்ஸோ போனது. கறுப்பு வெள்ளை ஸ்டேஷனில் கோட்டோடு ஒருவன் நிற்கிறான், ரெயின் ஊதுகிறது, அதன்பிறகு கலரில் டோர்வலின் கதவு திறக்கிறது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்தாளாம். ஏன் இப்படி மாறுகிறது என்று சனத்துக்கு விளங்க ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறாள். “ஒன்றும் எழுதாதே. ரெயின் பிந்திவிட்டது என்று அவர்களுக்கே விளங்கும். பெயர்களை மட்டும் போடு. எல்லாருடைய பெயரையும் போடு” என்றாராம். கமரா என்ற இடத்தில் ரஞ்சியின் பெயர் வந்தது. பெயர் வந்த அந்தத் திரையின் படத்தை அவள் இன்னும் ரெலிபோனில் வைத்திருக்கிறாள்.

படம் திரையிடும் நாளுக்கு அவரையும் கூப்பிட்டார்கள். போவதா விடுவதா என்று அவர் நாள்கணக்காக அலைந்தார். “போகும்போது திரும்பி வராதே என்று தாள் தந்தவர்கள். இப்போது போய்வர டிக்கெற் தருகிறார்கள். எதை நம்புவது?” என்று கேட்டார். அக்காதான் முடிவு கட்டினாள். அவளுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் அவரைக் கதிரையில் இருத்தி, “போட்டு வாங்கோ” என்றாள். போறன் என்று சொல்லக்கூடாது, போட்டு வாறன் என்றுதான் சொல்லவேண்டும் என்று சொல்லியும் கொடுத்தாள். விமான நிலையத்தில் அவர் எங்களைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். உச்சரிப்பு படுமோசம்.

அவர் திரும்பி வந்த அன்று வசந்தம் என்று பெயர்தான். மழையும் பனியுமாகக் கொட்டியது. அவர் எங்களை வரச் சொல்லவில்லை, விமானத்தின் நேரத்தைக்கூடச் சொல்லவில்லை. ரஞ்சி வார்ஸோக்காரியிடமே கேட்டு வாங்கியிருந்தாள். நானும் ரஞ்சியும் அக்காவும் டெப்பனர்காரியுமாக அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். அக்காவின் கையில் ஊதா ஜக்கெற்.

கதவு திறந்தது. சின்னப் பெட்டியோடும் டையோடும் மிசியே வந்தார். யாரும் நிற்பார்கள் என்று எதிர்பாராத ஒருவர் நடக்கிற நடை, கண்கள் நிலத்தில். வாடகைக்கார் பக்கம் திரும்பப் போனவர், ஏதோ நினைத்து நிமிர்ந்து பார்த்தார். எங்களைக் கண்டார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை. அழப்போகிறார் என்று நினைத்தேன், நான் அதற்குள் அழத் தொடங்கியிருந்தேன். அவர் ஒரு கையை உயர்த்தினார். எங்களைப் பார்த்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் என்று சைகை காட்டினார். நாங்கள் நகர்ந்தோம். எங்களோடு நின்ற, யாரென்றே தெரியாத சனமும் சேர்ந்து நகர்ந்தது.

பிறகு அவர் வந்தார். அக்கா ஜக்கெற்றை விரித்துப் பிடித்தாள். அவர் போட்டிருந்த கோட்டுக்கு மேலேயே இரண்டு கையையும் அதற்குள் விட்டு, ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தார். கொஞ்சம் பின்னால் சாய்ந்து எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இப்போது சரி” என்றார். “இனி வீட்டுக்குப் போகலாம்.”